வெடிக்காத ரவை செத்த ரவை அல்ல

1967 ஜனவரி 12ஆம் திகதி மாலை, சென்னை இராமாவரத்தில் உள்ள எம்.ஜி.ஆரின் வீட்டில் துவக்குச் சத்தம் கேட்டது. நடிகர் எம்.ஆர். ராதா ரிவோல்வரால் எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. ஒரே அறைக்குள், மிக அருகில் இருந்து சுடப்பட்டும் இருவருமே பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அவருடைய குரல் அதற்குப் பிறகு பழையபடி திரும்பவில்லை.

இருவரும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கு அன்று முதல் சொல்லப்பட்டுவரும் விளக்கம் ஒன்றுதான். ராதாவிடம் இருந்தவை பல ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கிய ரவைகள், அவை வீரியம் இழந்திருந்தன என்பதே அது. நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்று மலையகம் பெருமையோடு சொல்லும் மனிதர் எம்.ஜி.ஆர். லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் அவர் படம் மாட்டாத லயங்கள் ஒரு காலத்தில் குறைவு. அதனால் இந்தக் கதையும் இங்கே பலருக்குத் தெரியும். ஆனால் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் பாடம் பெரும்பாலும் பிழையானது. "பழைய ரவை ஒன்றும் செய்யாது" என்பதே அந்தப் பாடம்.

அந்தப் பழைய ரவைகள் வெடித்தன என்பதை மறந்துவிடுகிறோம். பலம் குறைந்திருந்தது உண்மைதான். அந்தக் குறைந்த பலமே இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் கிடத்தப் போதுமானதாக இருந்தது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் வன்னி மண்ணில் ரவைகள் கிளறுப்படுகின்றன. காட்டோரங்களில் கையால் மருந்து அடைத்த கட்டுத்துவக்குகள் காத்திருக்கின்றன. ஒரு ரவை எப்போது வெடிக்கும், எப்போது வெடிக்காது, வெடிக்காமல் போனால் அதற்கு என்ன பொருள் என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது இதனால்தான்.

கேப் துவக்கும் நிஜத் துவக்கும்

திருவிழாக் கடையில் வாங்கிய கேப் துவக்கு நினைவிருக்கும். சிவப்புக் காகிதச் சுருளில் சின்னச் சின்னப் பொட்டுகளாக மருந்து. விசையை இழுத்தால் பின்னால் இருக்கும் தகடு பாய்ந்து வந்து பொட்டின் மேல் அடிக்கும், "டப்" என்று வெடிக்கும். புதுத் துவக்கு ஒவ்வொரு பொட்டையும் வெடிக்கவைக்கும். ஒரு வாரம் போன பின்னர் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். அப்போது முதல் அடிக்கு வெடிக்காத பொட்டு இரண்டாவது அடிக்கு வெடிக்கும். அதுவும் சரிவராவிட்டால் பொட்டைக் கல்லில் வைத்துத் தட்டுவோம்.

நிஜ ரவையின் அடிப்படையும் இதுதான். ஒரு ரவையில் நான்கு பாகங்கள் இருக்கின்றன. முன்னால் பறந்துபோகும் குண்டு, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் கோது, கோதுக்குள்ளே வெடிமருந்து, கோதின் அடியில் நடுவிலே பதித்த ஒரு சின்ன உலோகக் கிண்ணம். இந்தக் கிண்ணம்தான் கேப். அதற்குள் இருக்கும் மருந்து நெருப்பால் பற்றவைக்கப்படுவதில்லை, அடியால் பற்றிக்கொள்கிறது. கேப்பின் தீ மருந்தைப் பற்றவைக்கிறது, மருந்து வாயுவாகிறது, வாயு குண்டைத் தள்ளுகிறது. இவை எல்லாம் ஒரு செக்கனின் மிகச் சிறிய பங்குக்குள் நடந்து முடிகின்றன.

அடிபட்டால் பற்றும் இந்த மருந்து மனிதர் கைக்கு வந்து இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. இங்கிலாந்தின் எட்வர்ட் ஹவார்ட் 1800இல் பாதரசத்தில் இருந்து அத்தகைய பொருளொன்றைச் செய்வது பற்றி எழுதினார். அடியால் தீ மூட்டித் துவக்கை வெடிக்கவைக்கும் முறைக்கு, ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். அவர் பறவை வேட்டைக்காரர். அதற்கு முந்திய துவக்குகளில் தீக்கல் உரசித் தீப்பொறி எழும்பும், பறவை அதைக் கண்டு பறந்துவிடும், மழையில் மருந்து நனைந்துவிடும். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இன்று உலகத்தின் பலவகை ரவைகளின் அடியில் இருக்கும் கேப்.

விசையை இலகுவாக்கினால் என்ன நடக்கும்?

ரிவோல்வரில் விசையை இழுக்கும் விரல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பின்னால் இருக்கும் அடிப்பானை, நம்மவர் பழைய பேச்சில் சொன்னால் துவக்கின் குதிரையை, ஸ்பிரிங்கை எதிர்த்துப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிறகு அதை விடுவிக்கிறது. தொழிற்சாலையில் இருந்து வரும் சாதாரண ரிவோல்வரில் இந்த இழுவைக்கு ஏறத்தாழ 4½ முதல் 5½ கிலோகிராம் வரை பலம் வேண்டும். ஒரு விரலுக்கு இது பெரிய சுமை. இழுக்கும்போது கை ஆடும், குறி தப்பும். ஆகவே குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்வோர் விசையை இலகுவாக்கிக்கொள்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விரல் எந்த ஸ்பிரிங்கை எதிர்க்கிறதோ, அதே ஸ்பிரிங்தான் குதிரையை முன்னுக்கு எறிந்து கேப்பை அடிக்கவைக்கிறது. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் விரலுக்குச் சுகம். ஆனால் அடியும் தளர்ந்துவிடும். கேப் துவக்கின் ஸ்பிரிங் தளர்ந்தபோது நடந்ததே இங்கும் நடக்கும். விசையை இழுத்தால் "டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்கும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஸ்பிரிங்கைப் பழைய பலத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. சிறிய அடிக்கும் பற்றிக்கொள்ளும்படி ரவையை மாற்றுவது மற்றது. அமெரிக்காவில் தமக்கான ரவைகளைத் தாமே வீட்டில் அடைத்துக்கொள்வது சட்டப்படியான ஒரு பொழுதுபோக்கு. அங்குள்ள போட்டியாளர்கள் பலர் இரண்டாவது வழியில் போகிறார்கள். மென்மையான உலோகத்தாலான கேப்புகளைத் தெரிந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு கேப்பும் அதற்குரிய குழியின் அடிவரை சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். கேப் சற்று மேலெழும்பி இருந்தால், குதிரையின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். முதல் அடிக்கு வெடிக்காத ரவை இரண்டாவது அடிக்கு வெடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கவனியுங்கள். விசை இலகுவாகும்போது துவக்குப் பாதுகாப்பின் ஒரு படியில் இருந்து இறங்குகிறது. இலகுவில் பற்றும் கேப்பைப் போடும்போது இன்னொரு படி இறங்குகிறது. போட்டி மைதானத்தில் இந்த இழப்பை வேறு ஒழுங்குகளால் ஈடுசெய்கிறார்கள். துவக்கின் வாய் எப்போதும் மண்மேட்டைப் பார்த்தே இருக்கும், கண்ணுக்கும் காதுக்கும் கவசம் இருக்கும், மேற்பார்வைக்கு ஆள் இருக்கும். அந்த ஒழுங்கு ஒன்றும் இல்லாத இடத்தில் இதே மாற்றம் நேரடி ஆபத்து.

இராணுவ ரவைகள் இதற்கு நேரெதிர். இலங்கையில் போரில் அதிகம் பாவிக்கப்பட்ட ரி-56 போன்ற துவக்குகளில், அடிக்கும் ஊசியைப் பின்னுக்குப் பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. ரவை உள்ளே ஏறும்போதே ஊசி கேப்பை இலேசாகத் தட்டும். அதற்கே வெடித்துவிடாமல் இருக்கத்தான் கேப்பைக் கடினமாகச் செய்கிறார்கள். கீழே விழுந்தும் வெடிக்காத ரவையைப் பார்த்தவர்களுக்கு "இது சும்மா கிடக்கும்" என்ற தைரியம் வந்தது இதனால்தான். அந்தத் தைரியம் எவ்வளவு பிழை என்பதைப் பிறகு பார்ப்போம்.

வெடிக்காமைக்கு மூன்று முகங்கள்

விசையை இழுத்தும் சத்தம் வரவில்லை என்றால், வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது ஒரே விடயம். உள்ளே மூன்று வேறு விடயங்கள் நடந்திருக்கலாம்.

முதலாவது, முழுமையாக வெடிக்காமை. அடி போதவில்லை, அல்லது கேப் நனைந்துவிட்டது, அல்லது மருந்து கெட்டுவிட்டது. அந்த ரவை அரைகுறையாக அடிபட்ட நிலையில் இருக்கிறது. இன்னொரு அடிக்கு அது என்ன செய்யும் என்று எவராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, தாமதித்து வெடித்தல். கேப் பற்றிவிட்டது, ஆனால் ஈரமான மருந்து மெதுவாகப் புகைகிறது. "வெடிக்கவில்லையே" என்று துவக்கைத் திருப்பிப் பார்க்கும்போது, அல்லது கோதைக் கையில் எடுக்கும்போது வெடிக்கும். துவக்குப் பாவிக்கும் எவருக்கும் முதலில் கற்பிக்கப்படும் பாடங்களில் ஒன்று, வெடிக்காவிட்டால் வாயை ஆளில்லாத் திசையில் பிடித்தபடியே குறைந்தது அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பது. வாய்வழியாகக் கரிமருந்து இடித்து அடைக்கும் பழைய வகைத் துவக்குகளுக்கு அதைவிடவும் நீண்ட நேரம் வேண்டும்.

மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. கேப் வெடித்தது, மருந்து போதவில்லை அல்லது சரியாகப் பற்றவில்லை. "பொத்" என்ற சின்னச் சத்தத்துடன் குண்டு குழாயின் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அது தெரியாமல் அடுத்த ரவையைச் சுட்டால், வாயுவுக்கு வழியில்லாமல் குழாய் வெடித்துப் பிளக்கும். குண்டு சுட நினைத்தவரை நோக்கிப் போகாது, சுட்டவரின் கையும் முகமும்தான் போகும்.

பழைய ரவை, கையால் அடைத்த ரவை ஆகிய இரண்டுக்கும் பொதுவான குணம் இதுதான். அவை பலம் குறைந்தவை என்பதைவிட, என்ன செய்யும் என்று கணிக்க முடியாதவை என்பதே சரி. ஒரே பெட்டியில் இருந்து எடுத்த ஆறு ரவைகளில் ஒன்று "டிக்" என்னும், ஒன்று "பொத்" என்னும், மற்ற நான்கும் கொல்லும். எம்.ஜி.ஆருக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்காது.

கட்டுத்துவக்கு

விசையை எவ்வளவு தூரம் இலகுவாக்கலாம் என்ற கேள்வியின் கடைசி விடை, நமது காட்டோரங்களில் இருக்கும் கட்டுத்துவக்கு. ஒரு இரும்புக் குழாய், உள்ளே கையால் இடித்து அடைத்த மருந்து, அதன் மேல் இரும்புத் துண்டுகள். அதன் விசையை இழுக்க விரலே தேவையில்லை. பாதைக்குக் குறுக்கே கட்டிய மெல்லிய நூலோ கம்பியோ போதும். அந்த வழியால் போகும் காட்டுப்பன்றியின் கால் நூலைத் தொட்டால் வெடிக்கும்.

நூலுக்குப் பன்றியின் காலும் கொழுந்துக்குப் போகும் பெண்ணின் காலும் ஒன்றுதான். குழாய் பன்றியின் உயரத்துக்கு வைக்கப்படுவதால் மனிதருக்குப் பெரும்பாலும் கால்களில்தான் படுகிறது. காயம் சுத்தமான துளையாக இருக்காது. இரும்புத் துண்டுகள், மண், துணி, எரிந்த மருந்து எல்லாம் சதைக்குள் போகும். எலும்பு நொறுங்கும், கிருமி ஏறும். ஒரு நாள் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்தில் ஒரு கால் போவது என்றால், அந்த வீட்டின் அடுப்பே நிற்பது.

கட்டுத்துவக்கு அதிகம் காணப்படுவது வன்னி, அனுராதபுரம், மொனராகலை போன்ற வரண்ட வலயக் காடுகளில். லிந்துலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் அதைவிட அதிகம் பேசப்படுவது சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கி இறந்த கருஞ்சிறுத்தையை நாடே பார்த்தது. கம்பியோ துவக்கோ, இரண்டின் பின்னாலும் இருப்பது ஒரே நெருக்கடிதான். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி மரக்கறி போட்டு வாழும் குடும்பத்தின் உழைப்பைப் பன்றி ஒரே இரவில் கிளறிவிட்டுப் போகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வைத்தவர் யார், வைத்த இடம் எது என்று ஊருக்குத் தெரியாத பொறி, வைத்தவரின் பிள்ளையையும் அடையாளம் காணாது.

மலையகத்துக்கும் வன்னிக்கும் இடையே தூரம் அதிகம் என்று நினைக்கவும் வேண்டாம். 1977, 1983 வன்செயல்களின் பின்னர் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். இறுதிப் போரில் அந்தக் குடும்பங்களும் அகப்பட்டன. லிந்துலையில் ஒரு லயத்தில் இருப்பவருக்கு விசுவமடுவிலோ தர்மபுரத்திலோ ஒரு சித்தப்பா, ஒரு மைத்துனர் இருப்பது புதுமையல்ல. தீபாவளிக்கு வந்து போகும் பிள்ளைகளின் பையில், விளையாட்டாக எடுத்த கோது ஒன்றும் வந்துவிடக்கூடும். அது வெறும் கோதுதானா, குண்டு இருக்கும் ரவையா என்று பிள்ளைக்குத் தெரியாது.

மண்ணுக்குள் கிடந்தாலும்

பெல்ஜியத்திலும் பிரான்சிலும் முதலாம் உலகப் போரின் குண்டுகள் இன்றும் உழும்போது மேலே வருகின்றன. 2014இல், அந்தப் போர் தொடங்கி நூறு ஆண்டுகள் ஆன வருடத்தில், பெல்ஜியத்தின் இப்ர் நகரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த இருவர் அத்தகைய பழைய குண்டு வெடித்து இறந்தார்கள். நூறு ஆண்டு மண்ணும் மழையும் அதைச் சாகடிக்கவில்லை. நமது போர் முடிந்தது 2009இல்.

சிறிய ரவைக்கு எதிரி, அடியைவிடத் தீ. கடினமான கேப் உள்ள இராணுவ ரவை கீழே விழும்போது பெரும்பாலும் வெடிப்பதில்லை. ஆனால் சூடேறினால் அடியே இல்லாமல் மருந்து தானாகப் பற்றும். காணி துப்புரவாக்கிக் குப்பையைக் கூட்டி எரிக்கும்போது திடீரென்று வெடிச்சத்தம் கேட்பது வன்னியில் பலர் அறிந்தது. துவக்குக் குழாய் இல்லாமல் திறந்த தீயில் வெடிக்கும் ரவையில் குண்டு அதிக வேகம் எடுக்காது, கோது கிழிந்து துண்டுகளாகப் பறக்கும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு அதுவே போதும். பெரிய அளவில் வெப்பம் என்ன செய்யும் என்பதை 2016 ஜூன் 5ஆம் திகதி கொஸ்கம, சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் தீப்பற்றியபோது நாடு கண்டது. சுற்றியிருந்த ஊரில் வீடுகள் சிதைந்தன.

கண்டால் என்ன செய்வது?

தொட வேண்டாம், தட்ட வேண்டாம், துரு சுரண்ட வேண்டாம், தீக்குப் பக்கத்தில் போட வேண்டாம். பழைய இரும்போடு சேர்த்து விற்கவும் வேண்டாம். நின்ற இடத்தில் இருந்து வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வாருங்கள். இடத்தை ஒரு துணியாலோ தடியாலோ தூரத்தில் இருந்து அடையாளப்படுத்துங்கள். காட்டோரத்தில் குறுக்கே கட்டிய நூலைக் கண்டால் அறுக்க முயல வேண்டாம், நூல் தளர்ந்தாலும் வெடிக்கும்படி கட்டியிருக்கலாம். காயம் பட்டவர் இருந்தால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். இரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் துண்டுகளைப் பிடுங்க வேண்டாம்.

அறிவிப்பதற்கு 119 என்ற பொலிஸ் இலக்கம் இருக்கிறது. வடக்கில் ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகிய கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் வேலை செய்து வந்திருக்கின்றன. ஆனால் எமது மக்கள் அறிவிக்காமல் இருப்பதற்குக் காரணம் இலக்கம் தெரியாமை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனையோ தமிழ் இளைஞர்கள் சந்தேகத்தின் பேரில் வருடக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். ஒரு ரவையைக் கண்டேன் என்று சொல்லப் போனவர், அது எப்படி வந்தது என்று கேட்கப்படுவோம் எனப் பயப்படுவதில் வியப்பில்லை. முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் கோவிந்தனையும், டெவன் தோட்டத்தில் 1977 மே மாதம் சிவனு லட்சுமணனையும் பொலிஸ் குண்டுக்குக் கொடுத்த மலையகத்துக்கும் அந்தப் பயம் புரியாததல்ல.

ஆகவே தனியாகப் போகாதீர்கள். தோட்டத் தலைவரையோ ஆசிரியரையோ மதகுருவையோ சேர்த்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கண்ட இடத்தில் இருந்து பொருளை எடுக்காமல் விட்டிருப்பதே உங்களுக்கான முதல் பாதுகாப்பு. எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் உயிருக்கும் ஆபத்து, சட்டத்தின் பார்வையிலும் நிலைமை மாறிவிடும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி உத்தரவுப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். ஒரு திறப்புக் கோர்வையில் தொங்கும் "ஞாபகார்த்த" ரவைகூட ஒரு சோதனைச் சாவடியில் பெரிய கேள்வியாக முடியலாம்.

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. வெடிபொருளைக் கண்டதாக வந்து சொல்பவரைச் சந்தேக நபராக நடத்தாமல் சாட்சியாக நடத்தும் நடைமுறை வேண்டும். காட்டுப்பன்றியால் அழியும் பயிருக்கு நட்டஈடும், வேலி போடுவதற்கு உதவியும் லயத்துப் பாத்தி வரை வந்து சேர வேண்டும். அவை வராதவரை, "வைக்காதே" என்று சட்டம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பொறிகள் இன்னும் ஆழமாக மறைந்துகொள்ளும்.

இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில், பரணில், பழைய பெட்டியில், பிள்ளையின் விளையாட்டுச் சாமான்களுக்குள் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இருந்தால், அது செத்துவிட்டது என்று தீர்மானிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.